எளிய வெற்றி இனிக்காதோர்

விளையாட்டு இளைப்பாறுதற்கு உரியது என்பது பொதுவான எண்ணம். அவ்வெண்ணம் உடையோர்க்குக் கணினி விளையாட்டுகளின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி விளங்காப் புதிராகவே தோன்றும். பல நூறு மணி நேரம் ஆடி முடித்துவிட்ட ஓர் ஆட்டம். அதில் வெல்லாத பகைவர் இல்லை. திறவாத கதவும் இல்லை. அத்தகைய ஆட்டத்தை அதனை நேசித்தவர்களே கையிலெடுத்து, ஒரு காசும் ஊதியம் பெறாது ஆண்டுக்கணக்கில் உழைத்து, தம்மைத் தாமே தோற்கடிக்கும் அளவுக்குக் கடினமாக்கினர். கடினமாக்கப்பட்ட அதனை மற்றோரும் விரும்பிப் பெற்று ஆடினர், தோற்றனர், மீண்டும் ஆடினர். இஃது என்ன விந்தை என்று கேட்டு நகர்ந்துவிடுவது எளிது. ஆயினும் அவ்வாட்டத்தின் வரலாற்றைச் சற்றே பொறுமையுடன் நோக்குவோர்க்கு, இவர்கள் தேடியது யாது என்பது புலப்படும்.

கனடா நாட்டின் எட்மன்டன் நகரில், மருத்துவம் கற்ற ரே முசிக்கா, கிரெக் செஸ்சுக், அகஸ்டின் யிப் ஆகியோர் வேறு சிலருடன் சேர்ந்து 1995-ஆம் ஆண்டில் ஒரு விளையாட்டு நிறுவனத்தைத் தொடங்கினர். பயோவேர் என்பது அதன் பெயர். அந்நிறுவனம் ஆக்கி, 1998-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வெளிவந்த 'பால்டர்ஸ் கேட்' என்னும் ஆட்டம் ஐந்து குறுந்தட்டுகளில் அடங்கியிருந்தது. நூலகக் கோட்டை ஒன்றில் வளர்ந்த அனாதை ஒருவன், தன் வளர்ப்புத் தந்தை கொலையுண்டபின் வெளியுலகில் அடியெடுத்து வைத்து, தன் பிறப்பின் மறைபொருளை அறிந்துகொள்வதே அதன் கதை. அவனையும் சேர்த்து ஆறு பேர் வரை கொண்ட குழுவை ஆடுவோர் நடத்திச் செல்வர். 1999-இல் ஒரு துணைப்பகுதியும், 2000-இல் இரண்டாம் பாகமும், 2001-இல் கதையை நிறைவு செய்யும் 'திரோன் ஆஃப் பால்' என்னும் இறுதிப் பகுதியும் வந்தன.

இவ்வாட்டத்தின் விதிகள் கணினிக்கெனப் பிறந்தவை அல்ல. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் 1974-இல் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை ஆட்டத்தின் விதிகள் அவை. நண்பர் சிலர் மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் வீரராகவும் ஒருவர் மந்திரவாதியாகவும் இன்னொருவர் திருடராகவும் பாத்திரம் ஏற்பர். தாளும் பென்சிலும் பகடையுமே கருவிகள். அவர்களுள் ஒருவர் மட்டும் ஆட்டத் தலைவராக இருந்து, உலகத்தை விவரிப்பதோடு பகைவர் அனைவர்க்கும் மூளையாகவும் விளங்குவார். இந்த ஆட்டத் தலைவர் என்னும் மனிதரை நினைவில் இருத்துதல் வேண்டும். பின்னர் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் திறவுகோல் அவரே.

குழுவினர் தளர்ந்தால் ஆட்டத் தலைவர் இளகுவார். அவர்கள் இறுமாந்தால் இறுக்குவார். கைகாக்ஸ் 1975-ஆம் ஆண்டில் ஒரு விளையாட்டு மாநாட்டுக்கென ஆக்கி, 1978-இல் நூலாக வெளிவந்த 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' என்னும் கல்லறைக் களம், தம்மை வெல்வார் இல்லை என்றிருந்த தேர்ந்த ஆட்டக்காரரைச் சோதிப்பதற்கே எழுந்தது. அங்கே அரக்கர் சிலரே, பொறிகளோ பல. வாளை நம்பிச் சென்றவர் மாண்டனர்; நின்று எண்ணியவர் சிலர் பிழைத்தனர். கடினம் என்பது இக்கலையில் பிற்காலத்தார் புகுத்திய ஒன்றன்று; அதன் தந்தையரே விரும்பி ஊட்டியது.

கணினிக்கு வந்தபோது அந்த மனிதர் மறைந்தார். அவருடைய இடத்தில் ஒரு கட்டளைத் தொடர் அமர்ந்தது. 'இன்பினிட்டி எஞ்சின்' எனப் பெயர் பெற்ற அந்த ஆட்டப் பொறியில் ஒவ்வொரு பகைவனுக்கும் இத்தகைய தொடர் உண்டு. பகைவனைக் கண்டால் தாக்கு. காயம் மிகுந்தால் மருந்து குடி. மந்திரம் எஞ்சியிருந்தால் எறி என்னும் பாங்கில் நிபந்தனையும் செயலுமாக அது எழுதப்பட்டிருக்கும். தொடர் குறுகியதாக இருந்தால் பகைவனின் அறிவும் குறுகியதாகவே இருக்கும். ஆட்டக்காரர் தொலைவில் நின்று நச்சுப்புகை மந்திரத்தை ஏவினால், கண்ணுக்கெட்டும் எல்லையில் எவரும் இல்லாமையால் பகைவர் கூட்டம் அப்புகையிலேயே நின்று, ஒருவர் பின் ஒருவராய் வீழும். பக்கத்து அறையில் தோழர் அலறி மாண்டாலும் காவலன் அசையான். பெரும் மந்திரவாதி என்று கதையில் போற்றப்பட்டவனும் தன்னிடமிருந்த காப்பு மந்திரங்களை ஓதாமலே வாளுக்கு இரையாவதுண்டு.

முதன்முறை ஆடுவோர்க்கு இக்குறை தெரியாது என்பதையும் கூறல் வேண்டும். அவ்விதிகளின்படி, புதிதாய்த் தொடங்கும் மந்திரவாதிக்கு நான்கு முகப் பகடை காட்டும் அளவே உயிர்ப்புள்ளி. ஓர் அம்பு அவனை முடித்துவிடக்கூடும். கதையின் தொடக்கத்தில் ஒரு விடுதியின் வாயிற்படியில் டார்னேஷ் என்னும் கூலிக்கொலையாளி காத்திருப்பான். தன் உருவைப் பலவாகப் பெருக்கிக் காட்டி, குழுவினரை அச்சமந்திரத்தால் சிதறவைத்து, ஒவ்வொருவராய் வீழ்த்துவான். அப்படிக்கட்டில் மாண்டவர் தொகை சிறிதன்று. ஆனால் மாண்டவர், முன்பே சேமித்து வைத்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்குகிறார். இம்முறை அவன் நிற்குமிடம் அவருக்குத் தெரியும். அவன் முதலில் ஓதும் மந்திரமும் தெரியும். அவனுக்கோ அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆட்டக்காரனுக்கு நினைவு உண்டு, பகைவனுக்கு இல்லை. பத்து முறை ஆடியவரின் முன் அந்த உலகமே கைகட்டி நிற்கிறது. நேசித்த ஓர் உலகம் இனித் தன்னை எதிர்த்து ஒன்றும் சொல்லாது என்று உணர்வது இன்பமன்று, ஒருவகை இழப்பு.

இவ்விழப்புக்கு நிறுவனங்கள் கண்ட மருந்து எண்களே. பால்டர்ஸ் கேட்டின் கடின அளவுகோலை உச்சத்துக்கு நகர்த்தினால் குழுவினர் படும் அடி இருமடங்காகும். அதே பொறியில் இயங்கிய 'ஐஸ்விண்ட் டேல்' ஆட்டத்துக்கு 2001-இல் வந்த துணைப்பகுதி 'ஹார்ட் ஆஃப் பியூரி' என்னும் முறையைச் சேர்த்தது. அரக்கரின் உயிர்ப்புள்ளிகள் பன்மடங்கு உயர்ந்தன. பால்டர்ஸ் கேட்டின் புதுப்பிக்கப்பட்ட பதிப்புக்கு 2016-இல் வந்த 'லெகசி ஆஃப் பால்' முறையும் அவ்வழியதே. இம்மருந்து நோயின் வேரைத் தொடவில்லை. மூடனுக்கு இரும்புக் கவசம் அணிவித்தால் அவன் வீழ நேரம் ஆகுமேயன்றி அறிவாளி ஆகிவிடமாட்டான். பத்து அடியில் முடிந்த சண்டை ஐம்பது அடியில் முடியும், அவ்வளவே.

ஆர்வலர்கள் வேறு வழியில் சென்றனர். ஓர் ஆட்டத்தில் ஆடுவோரே இயற்றிச் சேர்க்கும் மாற்றங்களை 'மோட்' என வழங்குவர். தமிழில் 'சேர்ப்பு' எனலாம். இன்பினிட்டி எஞ்சின் இதற்கு இடந்தந்தது ஒரு சிறு வாயிலால். ஆட்டத்தின் கோப்புகள் பெருந்தொகுதிகளில் பூட்டப்பட்டிருந்தாலும், 'ஓவர்ரைடு' என்னும் ஓர் அடைவில் அதே பெயருடைய கோப்பு ஒன்றை இட்டால், பொறி பழையதை விடுத்துப் புதியதையே படிக்கும். எனவே ஒரு பகைவனின் கட்டளைத் தொடரைத் திருத்தி எழுதி அங்கே வைத்தால் அவன் புதிய அறிவுடன் எழுவான். இடர்ப்பாடும் இதிலேயே இருந்தது. ஒரே கோப்பை இருவர் திருத்தினால் பின்னவர் எழுத்து முன்னவர் எழுத்தை அழித்துவிடும். ஒரு சேர்ப்பை இட்டவர் இன்னொன்றை இட அஞ்சினார். இட்டதை நீக்கவும் வழியில்லாமல் ஆட்டத்தையே அழித்து முதலிலிருந்து நிறுவினார்.

இச்சிக்கலை அவிழ்த்தவர் வெஸ்ட்லி வைமர் என்பவர். அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் ஆய்வு மாணவராக இருந்த அவர், 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் 'வைடியூ' என்னும் கருவியை ஓகேமல் என்னும் நிரல்மொழியில் எழுதினார். அது கோப்பை முழுதாய் மாற்றி வைப்பதில்லை. அங்கே என்ன இருக்கிறதோ அதன்மேல் வேண்டிய மாற்றத்தை மட்டும் ஒட்டுகிறது. வேண்டாமெனில் ஒட்டியதைப் பிரித்தும் எடுக்கிறது. ஒரு சேர்ப்பின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே காட்டி, இது வேண்டுமா என ஆடுவோரைக் கேட்கிறது. ஏட்டுச்சுவடியில் ஒருவர் எழுதிய திருத்தத்தை மற்றொருவர் சுரண்டி அழிக்காது, ஓரத்தில் தம் குறிப்பைச் சேர்ப்பது போன்றது இம்முறை. ஒருவரை ஒருவர் அறியாத பல்வேறு நாட்டவர் ஒரே ஆட்டத்தின்மீது இருபது ஆண்டுக்கும் மேலாக உழைக்க முடிந்ததற்கு இக்கருவியே காரணம். வைமர் பின்னாளில் பேராசிரியராகி, பழுதான நிரல்களைக் கணினியே ஒட்டுப்போட்டுத் திருத்தும் ஆய்வில் பெயர் பெற்றார்.

அவர் தொகுத்த 'டாக்டிக்ஸ்' என்னும் சேர்ப்பு இத்துறையில் முதற்புகழ் பெற்றது. இரண்டாம் பாகத்தின் தொடக்கச் சிறையிலேயே, எளிதில் வீழ்ந்துவந்த குறள்மனிதர் தலைவன் இலிச் அதில் கொடிய தளபதியாகி வழிமறித்தான். ஆயினும் அச்சேர்ப்பில் நடுவுநிலை பிறழ்ந்த இடங்களும் உண்டு. சில பகைவர்க்கு விதிகளில் இல்லாத வலிமையும் தடுப்பாற்றலும் தரப்பட்டன. தோற்றவர் தம் பிழையை எண்ணுவதற்கு மாறாக ஆக்கியோரை நொந்துகொண்டனர். அது நியாயமான மனக்குறையே.

இக்காலத்திலேயே ஓர் அரிய நிகழ்ச்சியும் நடந்தது. பயோவேர் நிறுவனத்திலேயே எழுத்தாளராகப் பணியாற்றி, 'திரோன் ஆஃப் பால்' பகுதியின் ஆக்கத்தில் பங்கு கொண்ட டேவிட் கைடர், நிறுவனப் பணியாக அன்றித் தம் சொந்த முயற்சியாக 'அசென்ஷன்' என்னும் சேர்ப்பை வெளியிட்டார். வெளிவந்த ஆட்டத்தின் இறுதிப் போரில் மெலிசன் என்பவள் தன் ஏவலருடன் மட்டுமே நிற்பாள். கைடரின் சேர்ப்பிலோ, கதையில் முன்னர் வீழ்ந்த பெரும் பகைவர்கள் அவளுக்குத் துணையாகத் திரும்புகின்றனர். அதே வேளையில், அவர்களுள் பல்தசார் என்னும் துறவியைச் சொல்லால் வென்று தம் பக்கம் சேர்த்துக்கொள்ளவும் ஆடுவோர்க்கு வாய்ப்பு உண்டு. போர் கடுமையாயிற்று, கதையும் கனத்தது. ஒரு நூலின் ஆசிரியர், அச்சான பின்னர் இறுதி இயலைத் திருத்தி எழுதித் தனித்தாளாக நண்பர்களுக்கு வழங்கியது போன்ற செயல் இது. கடினமும் கதையும் பகை என்று எண்ணுவோர் இதனைக் கருதுதல் தகும்.

இவ்வழியின் முதிர்ந்த கனி, 2000-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் தோன்றிய 'சோர்ட் கோஸ்ட் ஸ்ட்ராட்டஜெம்ஸ்' என்னும் சேர்ப்பு. 'வாட்கரைப் போர்ச்சூழ்ச்சிகள்' என அதனைத் தமிழாக்கலாம். பெரும்பாலும் பகைவரின் உயிர்ப்புள்ளியைக் கூட்டுவதில்லை. விதியை மீறிய ஆற்றலை வழங்குவதில்லை. அவர்களிடம் முன்னரே இருந்தவற்றைப் பயன்படுத்தக் கற்றுத்தருகிறது. அது கேட்கும் வினா ஒன்றே: இந்த மந்திரவாதியின் இடத்தில் ஆட்டக்காரர் ஒருவர் இருந்தால் என்ன செய்வார்?

விளைவு பெரிது. காவலன் இப்போது அலறலைக் கேட்டு ஓடி வருகிறான். காயம்பட்டவன் இடுப்பிலிருந்த மருந்தைக் குடிக்கிறான். திருடன் முதுகில் குத்திவிட்டு மறைகிறான். மீண்டும் வேறு திசையிலிருந்து வருகிறான். டிராகன் தன்னைச் சூழ்ந்தோரைச் சிறகால் வீசி எறிகிறது. நச்சுப்புகை சூழ்ந்தால் நின்று சாவதில்லை. எல்லாவற்றிலும் மந்திரவாதியே மாறிப்போனான். கல்போலத் தோல் இறுகும் மந்திரம் அவன் உடலில் முன்னரே உள்ளது. அதன்மேல், மந்திரம் ஏற்றிய படைக்கலங்கள் தீண்டாத காப்பு. அதற்கும் மேல், தன்மீது ஏவப்படும் மந்திரத்தை ஏவியவர்மீதே திருப்பும் காப்பு. இவற்றைக் களைய ஏவும் முறிப்பு மந்திரம் ஒன்றைத் தாங்கித் தானும் மறையும் கேடயம் யாவற்றுக்கும் புறத்தே. வெங்காயத்தின் தோல்போல் ஒவ்வொன்றாய் உரிக்க வேண்டும். முறை தவறினால் உரித்தது வீண்.

இக்காப்புகளை முறிக்கும் மந்திரங்கள் யாவும் மூல ஆட்டத்திலேயே இருந்தவை. ஒவ்வொன்றுக்கும் பெயருண்டு, படமுண்டு, விளக்கமுண்டு. ஆனால் அவற்றை ஓத வேண்டிய தேவை அரிதாகவே நேர்ந்தமையால், பத்து முறை ஆடியவரும் அவ்விளக்கங்களைப் படித்ததில்லை. பெரும் தீப்பந்து ஒன்றை எறிந்தால் முடியும் காரியத்துக்கு நுண்ணிய முறிப்பு எதற்கு? கடின ஆட்டத்தில் தோற்ற பின்னரே அவர் அப்பக்கங்களைத் திறந்தார். பத்தாண்டு தம் கையிலிருந்த நூலில் பாதியைத் தாம் படிக்கவே இல்லை என்பதை அப்போது அறிந்தார்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு சுவையானது. மந்திரம் ஏற்றிய படைக்கலம் தீண்டாத காப்பு நான்கு சுற்றுகள் நீடிக்கும். அதனை அணிந்தவனைப் புகழ்பெற்ற மாய வாள்கள் ஒன்றும் செய்யா. ஆனால் மந்திரம் ஏற்றாத வெறும் இரும்புக் கத்திக்கு அக்காப்பில் தடை இல்லை. கல்தோல் ஒன்றை உடைத்துவிட்டால் அக்கத்தி உள்ளே பாயும். கதையின் முதல் நாளில் ஐந்து காசுக்கு விற்றொழித்த கத்தி அது. இறுதிக்காலத்தில் டிராகனைக் கொன்ற வீரன், கடைத்தெருவுக்குச் சென்று சாதாரணக் கத்தி ஒன்றை வாங்கி இடையில் செருகிக்கொள்ள நேர்கிறது. மூல விதிகளை அமைத்தோர் இட்டுவைத்த நுட்பம் இது. எளிய பகைவர் நடுவே அது உறங்கிக் கிடந்தது. எழுப்பியது கடினம்.

தமிழ் கற்போர்க்கு இம்மனப்பாங்கு புதியதன்று. பதினேழாம் நூற்றாண்டினரான சிவப்பிரகாசர் 'திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி' என்னும் நூலை, இதழ் குவிந்தும் ஒட்டியும் பிறக்கும் எழுத்துகளை விலக்கியே பாடினார். பகரமும் மகரமும் உகரமும் இன்றித் தமிழ்ச் செய்யுள் இயற்றும் அருமையை, ஒரு வரியேனும் முயன்று பார்த்த மாணவர் அறிவர். அத்தடை இல்லாமலும் முருகனைப் பாடலாம். எனினும், தடையை ஏற்றுக்கொண்ட பின்னர்தான் புலவர் வழக்கமாக எடுக்கும் சொல்லை விடுத்து, மொழியின் மூலையில் கிடந்த சொல்லைத் தேடிச் செல்கிறார். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் மெய்யியல் கற்பித்த பெர்னார்டு சூட்ஸ், 1978-இல் வெளிவந்த தம் நூலில், தேவையற்ற தடைகளை விரும்பி ஏற்று அவற்றைக் கடக்க முயல்வதே விளையாட்டு என்னும் கருத்தை நிறுவினார். குழியில் பந்தை இடுவதே நோக்கமெனில் கையால் கொண்டுபோய் இடலாமே! கோலெடுத்து அடிப்பதில்தான் ஆட்டம் இருக்கிறது.

குறைகளும் இல்லாமல் இல்லை. கடின ஆட்டம் ஆடுவோருள் சிலர், எளிய ஆட்டம் ஆடுவோரை இகழத் தலைப்பட்டனர். கதைக்காக வந்தவரை அச்செருக்கு விரட்டியது. மேலும், பகைவன் கூர்மையாகும்போது ஆடுவோரும் ஒவ்வொரு போருக்கும் முன் கணக்கரைப்போல் அமர்ந்து திட்டமிட வேண்டியவராகின்றனர். காட்டுவழியில் கதை கேட்டு நடந்த இன்பம் அங்கே மெலிகிறது. ஒரு சேர்ப்பின் பகுதிகளை வேண்டியவாறு தெரிந்தெடுக்கும் வசதி இதனால்தான் முதன்மை பெறுகிறது. ஒருவர் மந்திரவாதிகளை மட்டும் கூர்மையாக்குவார். ஒருவர் டிராகன்களை விட்டுவிடுவார். இன்னும் சிலர் தமக்குத் தாமே விதி வகுத்தனர். இறந்தால் சேமித்த இடத்துக்குத் திரும்புவதில்லை. ஆட்டம் அன்றே முடிந்தது என்பது அவ்விதி. பகைவனுக்கு நினைவைக் கொடுக்க இயலாதபோது, தம் நினைவின் பயனைத் தாமே துறந்தவர்கள் இவர்கள். ஒரே மூச்சில் முதற்பாகத்திலிருந்து இறுதிவரை சாகாமல் செல்ல முயன்று, அந்த விடுதி வாயிற்படியிலேயே டார்னேஷின் கையில் மீண்டும் மாண்டோரும் உளர். இம்முறை அச்சாவுக்குப் பொருள் இருந்தது.

நிறுவனங்களின் நிலை வேறாயிற்று. 2003-ஆம் ஆண்டில், மூன்றாவது பாகமாகத் திட்டமிடப்பட்டிருந்த ஆட்டம் கைவிடப்பட்டது. இவ்வரிசையோடு நெருங்கிய தொடர்புடைய பிளாக் ஐல் பிரிவும் அவ்வாண்டின் இறுதியில் மூடப்பட்டது. பயோவேர் பிற ஆட்டங்களுக்குச் சென்றுவிட்டது. அதன்பின் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் இவ்வாட்டத்துக்கு உரியோர் எவரும் கைகொடுக்கவில்லை. அக்காலத்தில் பிழை திருத்தியோரும் புதிய கணினிகளில் இயங்கச் செய்தோரும் பகைவர்க்கு அறிவூட்டியோரும் ஆர்வலர்களே. 2012-இல், பயோவேரின் தொடக்ககாலத்தவரான டிரென்ட் ஓஸ்டர் தலைமையில் பீம்டாக் நிறுவனம் ஆட்டத்தைப் புதுப்பித்து வெளியிட்டபோது, மறக்கப்பட்ட ஒரு பொருளை அது தூசி தட்டவில்லை. நாள்தோறும் ஆடப்பட்டுவந்த ஒன்றையே மீண்டும் கடைக்குக் கொண்டுவந்தது.

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பெல்ஜியத்தைச் சேர்ந்த லேரியன் நிறுவனம் 'பால்டர்ஸ் கேட் 3' என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் அதற்கு 'மதிப்பு முறை' எனத்தக்க ஒரு கடின முறை சேர்க்கப்பட்டது. சேமிக்கும் இடம் ஒன்றே. குழு முழுதும் மாண்டால் அம்முறையில் மீட்சி இல்லை. தலைமைப் பகைவர்க்கு, ஆடுவோர் எதிர்பாரா வேளையில் செய்யும் தனிச்செயல்கள் வழங்கப்பட்டன. பழைய ஆட்டத்தின் ஆர்வலர் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட விதி, இவ்வாறு நிறுவனத்தின் பட்டியலிலேயே இடம்பெற்றது. 2024 செப்டம்பரில் அந்நிறுவனம் சேர்ப்புகளை இயற்றும் கருவிகளையும் பொதுமக்களுக்கு வழங்கியது. அதற்கு முன்னரே ஆர்வலர் சிலர், அந்த ஆட்டம் தமக்கு எளிதாகிவிட்டதெனக் கூறி, அதன் பகைவரைத் திருத்தி எழுதத் தொடங்கியிருந்தனர்.